கதவில் ஒட்டிய கடதாசி

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். நீண்ட நேரம் பிடித்து வைக்க மாட்டேன்.

இன்று கொழும்பைப் பற்றிப் பேசப் போகிறேன். அது நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். நம் லயத்தில் எந்த வீட்டுப் பிள்ளை அங்கே கடையிலோ கார்மென்ட்டிலோ வேலைக்கு இல்லை? கல்யாணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அவர்கள் குடியிருக்கும் முடுக்கு வீடுகளுக்கும் ‘தோட்டம்’ என்றுதான் பெயர். அங்கே தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லை.

என் தங்கச்சி குடும்பம் பதினாறு வருடமாக அப்படியொரு தோட்டத்தில் இருக்கிறது. போன வருடம் ஒரு நாள் போனில் அழுதாள். முப்பது நாளில் வெளியேறச் சொல்லிக் கதவில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். அவளுடைய மூத்தவன் அதைக் கிழித்துப் போட்டுவிட்டான். பக்கத்துப் பையன்கள், டோசர் வந்தால் பார்த்துக்கொள்வோம் என்று கல் பொறுக்குகிறார்களாம். நான் சொன்னேன்: “கல்லை விடச் சொல்லு. கிழிந்த துண்டையெல்லாம் பொறுக்கி ஒட்டி வை.”

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த அறிவித்தல் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் ஆட்சி மீளப்பெறல் சட்டத்தின் கீழ் வந்தது. அது கடுமையான சட்டம். நாள் முடிந்ததும் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். எத்தனை வருடம் இருந்தாய், எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அந்தக் காணியில் இருக்க எழுத்தில் செல்லுபடியான அனுமதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பத்து வருடம் இருந்தால் காணி சொந்தம் என்று நம்மில் பலர் நம்புகிறார்கள். தனியார் காணியில் அந்த வாதம் எடுபடலாம், அரச காணியில் எடுபடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொழும்புச் சேரிகளை இடிப்பதுதான் ஒரே வழி என்று எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 1984இல் பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியபோது, தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை பல தோட்டங்களில் ஆட்களை எழுப்பாமல், இருந்த இடத்திலேயே காணியைப் பிரித்துக் கொடுத்தது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர்ச். நாம் ஏழு பேர்ச் போதாது என்கிறோம், அது நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு பேர்ச்சுக்கு அங்கே இருந்த பெறுமதியை நினைத்துப் பாருங்கள். பாதை எவ்வளவு அகலம், யாருடைய சுவர் உள்ளே தள்ள வேண்டும் என்பதைக் குடியிருந்தவர்களே அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். கானும் கக்கூசும் கட்டும் ஒப்பந்தங்கள்கூட அவர்களுடைய சமூக அபிவிருத்தி மன்றங்களுக்குக் கிடைத்தன. நகரத்துக் காணிப் பிரச்சினையை அடிதடியில்லாமல் தீர்க்கலாம் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

மறுபக்கமும் நடந்திருக்கிறது. 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகளை இடித்தார்கள். அந்த மக்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். அடிப்படை உரிமை மனு போடுவதென்றால் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அழுது முடித்துவிட்டுப் போகலாம் என்றிருந்தால் நாள் போய்விடும்.

தங்கச்சி கதைக்கு வருகிறேன். அந்த வீட்டை முன்பு இருந்தவரிடம் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கித்தான் எடுத்திருந்தாள். தகரப் பெட்டியைக் கொட்டித் தேடியதில், பழைய ஆளின் பெயரில் எண்பதுகளில் கொடுத்த ஒரு கடிதம் கிடைத்தது. கரண்ட் பில், வாக்காளர் இடாப்புப் பிரதி, பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்தோம். தோட்டத்துக் குடும்பங்கள் எல்லாம் ஒரே சட்டத்தரணியிடம் போனார்கள். கையில் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வழக்கு ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் பேச்சுவார்த்தையும் நடந்தது. அங்கேதான் பெரிய இழுபறி. ஒரு கதவு இலக்கத்துக்கு ஒரு தொடர்மாடி வீடு என்றார்கள். ஒரு கதவுக்குள்ளே அப்பா அம்மா, மூத்த மகன் குடும்பம், மகள் குடும்பம் என்று மூன்று அடுப்பு எரிகிறது. இது நமக்குத் தெரியாத கதையா? லயக் காம்பராவையும் இப்படித்தானே எண்ணுகிறார்கள்! அந்தத் தோட்டத்துப் பெண்கள் ஒரு கொப்பியில் கதவு கதவாக, எத்தனை அடுப்பு, யார் யார், அடையாள அட்டை இலக்கம் என்ன என்று எழுதிக் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தினார்கள். கொப்பியைப் பார்த்த பிறகுதான் மறுபடி கணக்கெடுக்க ஒப்புக்கொண்டார்கள். கல் பொறுக்கிய பையன்கள்தான் அந்தக் கொப்பியைப் போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு அலைந்தார்கள்.

இன்னும் முடியவில்லை. அடுத்த தவணைக்கு நானும் போகிறேன்.

கொழும்பில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இன்றிரவே போன் பண்ணுங்கள். இருக்கிற இடம் யாருடைய காணி, கையில் என்ன கடதாசி இருக்கிறது என்று கேளுங்கள். சந்தா கட்ட வரும்போது அவர்களுடைய விபரத்தைத் தலைவரிடம் கொடுங்கள். நம் லயத்துக்கும் அப்படியொரு கொப்பி வேண்டும். மாதர் சங்கத் தலைவி இதோ முன்வரிசையில் இருக்கிறார். கொப்பி நான் வாங்கி வந்திருக்கிறேன்.