ஆய்வு அரங்கேற வேண்டும்!

(ஆய்வு மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



'வலையொலியும் ஆய்வும்' என்னும் பொருள்பற்றிப் பேசப் பணித்துள்ளீர்கள். ஆங்கிலத்தில் 'பாட்காசுட்டு' எனப்படுவதையே நாம் வலையொலி என்கின்றோம். 2004-இல் பென் அமர்சிலி என்னும் இதழாளர் கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையில் அவ்வாங்கிலப் பெயர் தோன்றியது. வானொலிக்கு நிலையம் வேண்டும், உரிமம் வேண்டும், கேட்பவர் குறித்த வேளைக்குக் காத்திருக்கவும் வேண்டும். வலையொலிக்கோ ஒரு கைப்பேசி போதும். கேட்பவர் வேண்டிய பொழுதில் கேட்பார்.

ஆய்வு முடிந்தபின் அதன் முடிவைப் பறையறைந்து சொல்லும் கருவியே வலையொலி என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அரைப்பார்வை. வலையொலி ஆய்வை அறிவிக்கும் கருவி மட்டுமன்று. ஆய்வு செய்யும் முறையுமாகும்.

எங்ஙனம் எனின், கடலோடி ஒருவரிடம் காற்றின் பெயர்களைக் கேட்கின்றீர்கள். வாடை, கொண்டல், சோழகம் என அவர் அடுக்குகின்றார். குறிப்பேட்டில் மூன்று சொற்களே விழும். ஒலிப்பதிவிலோ, எப்பெயரைச் சொல்கையில் குரல் தாழ்ந்தது, எங்கே பேச்சு நின்றது, எதைச் சொல்லிச் சிரித்தார் என்பனவெல்லாம் இருக்கும். அதனைப் பன்முறை கேட்டு, வேண்டிய பகுதிகளைப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும்பொழுது, குறிப்பேடு எழுப்பாத வினா எழும்: 'இக்காற்றின் பெயரைச் சொல்லும்போது மட்டும் இவர் குரல் ஏன் தாழ்கின்றது?' அவ்வினாவோடு மீண்டும் அவரிடமே செல்வீர்கள். கேட்டலும் கோத்தலும் மீளக் கேட்டலுமாகிய இதுவே ஆய்வு. இங்குப் படைப்பாற்றல் அழகுக்கு அன்று, உண்மை காண்பதற்கு.

'குரலைப் புலமையென ஏற்பாருண்டோ?' என்று கேட்கலாம். கனடாவில் ஏற்றனர். சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா மெக்கிரெகர் என்னும் அம்மையார், பெண்ணியம்பற்றி 2017-இல் வலையொலி ஒன்றைத் தொடங்கினார். வில்பிரிடு லாரியர் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனை, நூலை மதிப்பிடுவது போலவே, அறிஞர்களின் மதிப்பீட்டிற்கு விடுத்தது. மதிப்பீட்டாளர் கருத்துகள் மறைக்கப்படாமல், எவரும் படிக்குமாறு வெளியிடப்பெற்றன.

இது கேட்டு நாம் வியக்க வேண்டுவதில்லை. நூலை அவையில் வாய்விட்டு உரைத்து, தடைகளுக்கு விடையிறுத்து, அதன் பின்னரே நிலைநாட்டுவது தமிழர் மரபு. அதற்கு அரங்கேற்றம் என்று பெயர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தே அதங்கோட்டாசானுக்குக் குற்றமற உரைக்கப்பெற்றதென்று அதன் பாயிரம் கூறுகின்றது. அந்நூல் செய்யுளோடு வழக்கையும், அஃதாவது மக்கள் வாய்மொழியையும், முதலாகக் கொண்டதென்றும் அப்பாயிரமே சான்று பகர்கின்றது.

அம்மரபின் வழிவந்த நாம் இன்று செய்வதென்ன? தமிழ்த்துறை நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் ஆய்வேடு ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. உழவரிடமும் நெசவாளரிடமும் மீனவரிடமும் தமிழில் வாங்கிய செய்தி, ஆங்கிலமாகிப் பேழைக்குள் அடைபடுகின்றது. சொல் கொடுத்தவர் அதனைப் படிக்கவும் இயலாது. 'நான் அவ்வாறு சொல்லவில்லையே' என்று மறுக்கவும் இயலாது. ஒரு மக்களின் அறிவை அவர்க்கே அயலாக்கும் இந்நிலையை நாம் இன்னும் எத்தனைக் காலம் பொறுப்பது?

ஆகவே இளைஞர்களே, ஆய்வேட்டோடு ஒரு தமிழ் வலையொலியையும் உருவாக்குங்கள். அதற்குச் சில நெறிகள் உண்டு. பேசுவோரின் ஒப்புதலின்றி ஒரு சொல்லையும் வெளியிடாதீர்கள். பிரித்துக் கோத்ததை வெளியிடினும், வெட்டாத முழுப் பதிவைத் தனியே காத்திடுங்கள். கோத்தவர் பொருளைத் திரித்தாரா என்று பின்வருவோர் ஒத்துப் பார்க்க அதுவே துணை. செவிப்புலன் இல்லாதார்க்கும் தேடிப் படிப்பார்க்குமாக எழுத்துப்படியும் இணையுங்கள். உங்கள் உரை தூய தமிழாய் இருக்கட்டும். ஆனால் பேசுவோர் வாய்மொழியைத் திருத்தாதீர்கள். அவர் பேச்சில் அயற்சொல் விரவினாலும் அதுவும் நம் மொழிநிலைக்குச் சான்றே. எல்லாவற்றினும் மேலாக, பேசியோர் ஊரில், அவர்கள் முன்னிலையில் அதனை முதலில் ஒலிக்கச் செய்யுங்கள். அவர்கள் கூறும் தடையே உங்களுக்கு முதல் மதிப்பீடாகட்டும்.

1974-இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராய் அமர்ந்த மொழிஞாயிறு பாவாணர், நூல்வழக்கோடு உலகவழக்கையும் சொல்லாய்வுக்கு அடிப்படையாகக் கொண்டார். அவர் காலத்தில் எல்லார் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருந்ததில்லை. இன்று அது நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கிடக்கின்றது. முதியோர் ஒருவர் மறைந்தால் அவரோடு எத்தனையோ சொற்களும் மறைகின்றன. அதன்பின் கருவியை எடுத்துப் பயனில்லை.

இன்றே கேட்கத் தொடங்குங்கள். தமிழன் வாய்மொழி தமிழன் செவிக்கே திரும்பட்டும்!

வாழ்க தமிழ்!