கடற்பஞ்சு போன்ற இதயம்



கருவில் முதன்முதலாகத் தொழில் தொடங்கும் உறுப்பு இதயம். கருவுற்ற நான்காம் வாரத்திலேயே அது துடிக்கிறது. அப்போது அதற்கெனத் தனி இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே அதன் உட்புறம் கடற்பஞ்சைப் போல இழையும் பள்ளமுமாக அமைந்திருக்கிறது. அறைக்குள் வரும் இரத்தமே அப்பள்ளங்களிற் புகுந்து தசைக்கு உணவூட்டுகிறது. பின்னர்க் கெட்டியான சுவர் உருவாகிறது. இழைகளே நெருங்கிச் சுவராகின்றன என்பது பழைய விளக்கம். சுவர் தனியே வளர்கிறது என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. எவ்வாறாயினும், சிலருக்கு இடது கீழறையில் சுவர் மெலிந்தும் பஞ்சுப் பகுதி தடித்தும் நின்றுவிடுகின்றன. 1990இல் அமெரிக்க மருத்துவர்கள் எட்டு நோயாளரை ஆராய்ந்து இதனை விவரித்தனர்.

இதனால் விளையக்கூடிய தீங்குகள் மூன்று. இதயம் வலுவிழந்து மூச்சுத் திணறலும் கால் வீக்கமும் தோன்றலாம். துடிப்பு தடுமாறி மயக்கம் வரலாம். பள்ளங்களில் உறைந்த இரத்தக் கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் உண்டாக்கலாம்.

இக்குறை தனித்தும் வரும், துணையோடும் வரும். சிலருக்குக் கீழறைகளின் நடுச்சுவரில் துளை இருக்கும். சிலருக்கு வலப்புற மூவிதழ் வால்வு கீழிறங்கி அமைந்திருக்கும். ஜெர்மானிய மருத்துவர் எப்ஸ்டீன் 1866இல் விவரித்த குறை அது.

ஆயினும் வீண் அச்சம் வேண்டா. விளையாட்டு வீரரிடமும் கருவுற்ற பெண்டிரிடமும் நோயின்றியே இத்தகைய இழைகள் மிகுந்து காணப்படுவதுண்டு. இதயத்தின் இயக்கம், நோய்க்குறிகள், குடும்ப வரலாறு ஆகிய அனைத்தையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

குடும்ப வரலாறு என்னும் இடத்தில்தான் வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு ஓர் இடர் நேர்கிறது. அண்ணன் மும்பையில், தங்கை தில்லியில், பெற்றோர் ஊரில். "உங்கள் குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உண்டா?" என்று மருத்துவர் வினவினால் நாம் விழிக்கிறோம். சிற்றப்பா வயலில் சாய்ந்து இறந்த செய்தி பாட்டியின் நினைவில் மட்டுமே இருக்கும். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது பெரியோரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம். நம்மில் ஒருவருக்கு இத்தசைக் குறை உறுதியானால், பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோருக்கு உடனே அறிவிப்போம், அவர்களுக்கும் ஈ.சி.ஜி., எக்கோ சோதனைகள் தேவை.

பால் குடிக்கையில் குழந்தை வியர்த்து இளைத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ காலந்தாழ்த்தலாகாது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவி இதயக் குறைகளும் சேர்க்கப்பட்டுள்ளன. மொழி புதிதென்று தயங்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை நாடுவோம்.