பெரிய சக்கரமும் தீவுப் பாதையும்

சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் பிழைக்க வந்த நம்மில் பலருக்கும், சைக்கிள் என்றவுடன் நினைவுக்கு வருவது ஒரே வண்டிதான். கறுப்பு வர்ணம், உயர்ந்த சட்டம், பின்னே கனத்த கேரியர், கைப்பிடியில் மணி. தகப்பனாருடைய அந்த வண்டியில் குரங்குப் பெடல் போட்டுத்தான் நாம் ஓட்டப் பழகினோம். அதன் வம்சத்தில் தோன்றியும் பார்வைக்கு அதனை ஒத்திராத ஒரு புது வண்டியை, அந்தமான் தீவின் ஏற்ற இறக்கங்களில் சில வாரங்கள் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. நண்பர் ஒருவர் இரவலாகத் தந்த வண்டி அது. அதன் குணாகுணங்களை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம். அத்துடன், அத்தகைய வண்டி இத்தீவுகளில் எங்கே போகலாம், எங்கே போகலாகாது என்பதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்டவர்களுக்குப் புதுப் பொருளைக் கண்டால் முதலில் அதன் பெயர்தான் உறுத்தும். 'மவுண்டன் பைக்' என்பதை மலைச் சைக்கிள் என்று சொல்லிவிடலாம், தொல்லையில்லை. அதில் ஒரு வகைக்கு 'ஹார்ட்டெயில்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'வன்வால்' என்று எழுதினால், ஏதோ ஒரு பல்லி இனம் என்று வாசகர் எண்ணிக்கொள்வர். பொருள் இவ்வளவே: முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் அதிர்ச்சியை உள்வாங்கும் அமைப்பு உண்டு, பின் சக்கரத்துக்கு அது இல்லை, சட்டத்தோடு சட்டமாக அது இறுகி நிற்கும். முன்பக்கம் மென்மை, பின்பக்கம் விறைப்பு. இந்த வண்டியின் நன்மை தீமைகள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டிலிருந்தே பிறக்கின்றன.

மற்றொரு விசேஷம் சக்கரத்தின் அளவு. இதை 29 அங்குலச் சக்கரம் என்கிறார்கள். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் வட்டாரத்து மலைச் சரிவுகளில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் வண்டிகளை ஓட்டி விளையாடியதிலிருந்தே மலைச் சைக்கிள் தோன்றியது. அந்தப் பழைய வண்டிகளின் சக்கரம் 26 அங்குலம். கணக்குப் பார்த்துத் தேர்ந்த அளவன்று. கைக்குக் கிடைத்த அளவு. அதுவே பிறகு நெடுங்காலம் நியதியாகிவிட்டது. 1999-ஆம் ஆண்டை ஒட்டித்தான் 29 அங்குலத்துக்கு ஏற்ற தடித்த டயர்கள் வரத் தொடங்கின.

இங்கே நேயர்கள் வியக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. டயரின் விளிம்பு அமரும் இடத்தில் அளந்தால், 26 அங்குலச் சக்கரத்தின் விட்டம் 559 மில்லிமீட்டர். புதிய 29 அங்குலச் சக்கரத்துக்கு 622 மில்லிமீட்டர். நம் தகப்பனார்கள் ஓட்டிய 28 அங்குல வண்டிக்கோ 635 மில்லிமீட்டர்! புதிய சக்கரத்தில் டயர் தடிமனாக இருப்பதால் அதன் மொத்த உயரம் சற்று மிகுந்து காணப்படுகிறதே தவிர, வளையத்தைப் பார்த்தால் பழைய வண்டியே பெரிது. 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூர் ஆலையிலிருந்து அனுப்பிய ஹெர்குலிஸ் வண்டிகள், தமிழ்நாட்டு வண்டிப்பாதைகளில் நெல் மூட்டையோடு ஓடியதற்கு அந்தப் பெரிய சக்கரமும் ஒரு காரணம். நம் கட்டைவண்டியின் சக்கரம் ஏன் மார்பளவு உயரம் இருந்தது என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். சிறிய சக்கரம் பள்ளத்தில் விழும். பெரிய சக்கரம் பள்ளத்தின் மீது படுத்துக் கடக்கும். கல் ஒன்று குறுக்கே கிடந்தால், சக்கரம் பெரிதாக ஆக, அது கல்லை மோதும் கோணம் சாய்வாகிறது.

இனி ஓட்டிய அனுபவத்துக்கு வருவோம். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் போர்ட் பிளேர் நகரில், சாத்தம் துறையிலிருந்து வாகனங்களை ஏற்றிச் செல்லும் படகில் பேம்பூபிளாட் போய்ச் சேரலாம். அங்கிருந்து ஹோப் டவுன் வழியாக ஒரு மலைப்பாதை ஏறுகிறது. 1872-இல் வைசிராய் மேயோ பிரபு ஷேர் அலியின் கத்திக்கு இரையான இடம் அந்த ஹோப் டவுன். பாதை முடியும் சிகரத்துக்கு முன்பு ஹாரியட் மலை என்று பெயர். 2021 முதல் மணிப்பூர் மலை. மகாத்மா காந்தியின் உருவம் பொறித்த பழைய செந்நிற 20 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் தென்னை மரங்களும் கடலும் கொண்ட காட்சி ஒன்று இருக்குமே, அது இம்மலையிலிருந்து தெரியும் காட்சிதான்.

ஏற்றத்தில்தான் வண்டியின் முதற்குணம் தெரிந்தது. முன்னே 32 பல், பின்னே மிகப் பெரிய பல்சக்கரத்தில் 50 பல். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான் நகரும். தகப்பனார் காலத்து வண்டியோ ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் ஓடும். அதனால்தான் மேடு வந்தால் இறங்கித் தள்ள நேர்ந்தது. இதிலே நடப்பவரைவிடச் சற்றே வேகமாக, ஆனால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். நாற்பதைத் தாண்டிய முழங்கால்களுக்கு இது பேருதவி. பின்புறம் விறைப்பாக இருப்பதால், மிதிக்கும் பலம் வில்லிலே வீணாகாமல் தரைக்குப் போய்ச் சேருகிறது. ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது பெரிய சக்கரம் சற்றே சோம்பல் காட்டும். மிகக் குறுகிய வளைவுகளில் திரும்ப அடம் பிடிக்கும். ஓடத் தொடங்கிவிட்டால் அந்தச் சோம்பலே நிதானமாக மாறிவிடுகிறது.

இறக்கம் வேறொரு பாடம். மழையில் பெயர்ந்த சரளையை முன் ஃபோர்க் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. பின் சக்கரமோ ஒவ்வொரு கல்லையும் தவறாமல் அறிவிக்கிறது. ஆசனத்தில் பாரத்தை வைத்து அமர்ந்திருந்தால் இடுப்புக்கு ஆகாது. பெடல்களைச் சமமாக நிறுத்தி, அவற்றின் மீது எழுந்து நின்று, முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். பின்புறத்தில் இல்லாத வில்லை ஓட்டுபவரின் கால்களே ஈடு செய்கின்றன. டிஸ்க் பிரேக் ஈரத்திலும் பிடிக்கிறது; ஆயினும் நனைந்த இலைகள் படிந்த வளைவில் எந்த பிரேக்கும் காப்பாற்றாது. இரு பருவமழைகளும் பெய்யும் நாடு இது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். ஆகவே இந்த எச்சரிக்கை ஆண்டில் பெரும்பகுதிக்குப் பொருந்தும்.

நகரிலிருந்து மேற்கே வண்டூர் கடற்கரைக்குச் செல்லும் பாதையில் மலை குறைவு, காற்று அதிகம். வழியில் சிப்பிகாட் என்னுமிடத்தில், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் பூகம்பத்தில் நிலம் தாழ்ந்து, வயல்களுக்குள் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. பேருந்தில் நாம் பலமுறை கடந்த இடம்தான். சைக்கிளின் வேகத்தில் போகும்போதுதான், நிலம் எங்கே முடிந்து நீர் எங்கே தொடங்குகிறது என்பது நிதானமாகக் கண்ணில் படுகிறது.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு சொல். உப்புக் காற்று சங்கிலியை அரிக்கும். ஓட்டி முடித்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடாவிட்டால், ஒரு வாரத்தில் துரு ஏறிவிடும். உதிரிப் பாகங்கள் சென்னையிலிருந்து சுமார் 1,370 கிலோமீட்டர் கடல் கடந்து வரவேண்டும். எனவே டியூப், பிரேக் கட்டை, சங்கிலி ஆகியவற்றை முன்னதாகவே வாங்கி வைத்தல் நலம்.

"இந்த மேட்டுக்கும் உப்புக்கும் சைக்கிள் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நிக்கோபார்த் தீவினர் விடை சொல்லிவிட்டனர். 2004-ஆம் ஆண்டுச் சுனாமியில் உயிர் தப்பிய டெபோரா ஹெரால்டு, சைக்கிள் பந்தயத்தில் இந்தியாவின் முன்னணி வீராங்கனையானார். ஈசோ ஆல்பன் 2018-இல் சுவிட்சர்லாந்தில் நடைபெற்ற இளையோர் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவர்கள் ஓட்டியது பந்தயத் தளத்து வண்டி. ஆனாலும் சைக்கிளுக்கு இத்தீவுகள் அந்நியமல்ல என்பது தெளிவு.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறோம். பாதையில்லாத இடத்திலும் போகலாம் என்பதே இந்த வண்டி தரும் பெரிய ஆசை. சக்கரம் எதையும் கடக்கும் என்று கண்டபின், காட்டுக்குள் பிரியும் ஒவ்வொரு தடமும் நம்மை அழைப்பதுபோலத் தோன்றும். ஆனால் இங்கே காடு என்பது ஆளில்லாத வெளியன்று. அந்தமான் நெடுஞ்சாலை ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியைக் கடந்ததும் ஜாரவா மக்களின் காப்புநிலத்துக்குள் நுழைகிறது. சில நூறு பேரே உள்ள அம்மக்கள் அக்காட்டை நம்பி வாழ்கிறவர்கள். நமக்கு ஓரிரு நாள் படுக்கையோடு போகும் நோய், அவர்களிடையே பேரிடராகக்கூடும். பழங்குடியினர் பாதுகாப்புக்காக 1956-இல் ஒழுங்குவிதி வகுக்கப்பட்டது. காப்புநிலத்தின் ஊடே செல்லும் சாலையை மூடுமாறு 2002-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் காவலர் துணையோடு, குறித்த நேரங்களில், வாகனங்கள் அணியணியாக அவ்வழியே சென்று வருகின்றன. நடுவில் நிற்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது.

அது தனியொருவர் சைக்கிள் மிதித்துச் செல்லும் சாலையன்று. வடக்கே மாயாபந்தர், திக்லிப்பூர் வரை ஓட்ட விரும்புகிறவர் அந்தப் பகுதியைத் தவிர்த்துக் கப்பலில் வண்டியை ஏற்றிச் செல்லட்டும். மோட்டாரில் போகிறவர் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறார். சைக்கிளில் போகிறவரோ அந்நிலத்தின் மூச்சுக்காற்றிலேயே இருக்கிறார். நமக்கு இன்பமாகத் தோன்றும் அந்த நெருக்கமே அங்கே தீங்கின் வழியாகும். வண்டியால் முடியும் என்பதனால் நமக்கு உரிமை வந்துவிடாது.

இத்தீவுகளில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் தமிழர். அஸ்ஸாமிலும் மிசோரமிலும் இமாசலத்திலும் கொங்கணத்திலும் நம்மவர் இருக்கிறார்கள். அங்கும் மலை உண்டு. அங்கும் யாரோ ஒருவருக்குச் சொந்தமான மேய்ச்சலும் காடும் கோயில் தோப்பும் உண்டு. இத்தகைய வண்டி வாங்க எண்ணுவோர், சட்டத்தின் குறுக்குக் குழாய் கால்களுக்கிடையே இரண்டு அங்குலமேனும் தாழ்ந்து நிற்கிறதா என்று நின்று பார்த்து வாங்குக. டயரில் காற்றைக் கல்லாக அடைக்காமல், தம் எடைக்கேற்பச் சற்றுத் தளர விடுக. புதிய தடத்தில் இறங்குமுன் உள்ளூர்க்காரர் ஒருவரிடம், அவர் மொழியிலேயே, "இவ்வழி போகலாமா?" என்று கேட்டுக்கொள்க. அவர் வேண்டாமென்றால் வண்டியைத் திருப்பிக்கொள்க.