ஓவர்டைம் கணக்கு

(‘பந்தயத்தில் இளைஞனைக் கெடுப்பது பேராசையா? அறியாமையா?’ பட்டிமன்றத்தில் ‘அறியாமையே’ அணியில் பேசியது)



எதிரணி நண்பர் ‘பேராசை, பேராசை’ன்னு மூச்சுவிடாமல் சொன்னார். ஐயா, நான் கும்மிடிப்பூண்டிக்காரன். எங்கள் தெருவில் ஒரு பையன். சிப்காட்டில் இரும்பு ஆலையில் வேலை. எட்டு மணி நேரம் முடிச்சு, ஓவர்டைமும் பார்ப்பான். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டமே சொல்லிவிட்டது. பேராசைக்காரன் உலை அனலில் நிற்பானா? (கைதட்டல்)

2022 டிசம்பர் 18. உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். அர்ஜென்டினா ஜெயிக்கும்னு செல்போன்ல பணம் கட்டினான். ஒரு மாச ஓவர்டைம் காசு! 80-வது நிமிஷம் வரை 2-0. அப்புறம் பிரான்சின் எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு கோல். 90 நிமிஷம் முடிஞ்சப்போ 2-2. கூடுதலா ஆடின 30 நிமிஷமும் முடிஞ்சப்போ 3-3. கடைசியில் பெனால்ட்டியில் 4-2. மெஸ்ஸி கோப்பையைத் தூக்கினார். இவன் அவங்க அம்மாவைத் தூக்கினான்! (சிரிப்பு)

செல்போனைப் பார்த்தால், ‘தோல்வி’!

என்ன காரணம்? அவன் கட்டிய பந்தயம் 90 நிமிஷ ஆட்டத்துக்கு மட்டும். வீணான நேரத்துக்காக மைதான நடுவர் கூட்டித் தருகிற நிமிஷங்கள் அதில் சேரும். (நம்ம நடுவர் மணிதான் அடிப்பார்!) அதற்கு மேல் ஆடுகிற 30 நிமிஷம் சேராது, பெனால்ட்டியும் சேராது. ‘கோப்பை யாருக்கு’ என்பது தனிப் பந்தயம். எல்லாம் எழுதியிருக்கு ஐயா, எறும்பு எழுத்தில்!

‘விதி தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பானா?’ன்னு கேட்பீங்க. அந்த ஒரு நாள் பிழைச்சிருக்கலாம். ஆனால் பந்தயம் நடத்துகிறவன், கொடுக்கிற விலையிலேயே தன் லாபத்தை முன்கூட்டி எடுத்து வைக்கிறானே! பையன் ஆட்டத்தைப் படித்தான், ஆட்டுவிக்கிறவனைப் படிக்கவில்லை. இதுதான் பெரிய அறியாமை.

2025-இல் மத்திய அரசு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் போட்டுவிட்டது. சட்டம் கதவைச் சாத்தும். கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நாம்தான்.

அன்றைக்கு அந்தத் தாய் கேட்டார்: “ஏம்ப்பா, நீ கூடுதலா உழைச்ச நேரத்துக்கு கம்பெனியில ரெண்டு மடங்கு தந்தாங்க. அவங்க கூடுதலா ஆடின நேரத்துக்கு, உன் காசையே எடுத்துக்கிட்டாங்களா?”

நடுவர் அவர்களே, இந்தக் கேள்வி பணம் கட்டுவதற்கு முன்னாடி அந்த வீட்டில் எழுந்திருந்தால், ஒரு மாச வியர்வை மிஞ்சியிருக்கும். கெடுத்தது அறியாமையே! (கைதட்டல்)