ஆரியசாலைக்கு ஒரு ஃபைவ்ஸ் லீக் வேண்டும்



இலக்கியமும் ஊர்க்காரியமும் பேசும் இந்த மேடையில் இன்று நான் பந்தாட்டம் பேசப் போகிறேன். இரவில் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு, சரக்கு லாரி நகர்ந்த இடத்தில் இரண்டு ஜோடிச் செருப்பைக் கோல் போஸ்ட்டாக வைத்து ஆடுகிறார்களே நம் பிள்ளைகள், அவர்களுக்காகப் பேசுகிறேன். இடம் இல்லை என்பதால் அணிக்கு ஐந்து பேராக ஆடுகிறார்கள். அதே ஆட்டத்தை உலகம் ஃபுட்சல் என்ற பெயரில் ஆடி, அதற்கும் உலகக் கோப்பை நடத்துகிறது.

1930-ல் உருகுவே நாட்டின் மொந்தெவீடியோ நகரத்தில், ஒய்.எம்.சி.ஏ.வில் இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் இந்த ஆட்டத்துக்கு முதலில் விதி எழுதினார். நம் செக்ரட்டேரியட் பக்கம் இருக்கிறதே, அதே ஒய்.எம்.சி.ஏ.தான். தளம் நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம். பந்து சிறியது, அதிகம் துள்ளாது. வெளியே போன பந்தை நான்கு நொடிக்குள் ஆட்டத்தில் போட வேண்டும். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. காலும் வேண்டும், கண்ணும் வேண்டும், அதைவிட மூளை வேகமாக ஓட வேண்டும்.

இதில் இன்று பெரிய பெயர் போர்ச்சுகல். தொடக்கத்தில் அவர்களிடம் என்ன இருந்தது? 1990-91-ல்தான் அங்கே தேசிய லீக் தொடங்கியது. முதல் பட்டம் லிஸ்பன் நகரத்து ஸ்போர்ட்டிங் கழகத்துக்கு. ஆனால் தொண்ணூறுகளில் பட்டம் வென்றவர்களில் ஒரு நாளிதழின் பெயரில் ஆடிய அணியும் உண்டு, கொரெய்யு த மன்யா என்று. பத்திரிகையின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடியவர்கள் நாட்டின் சாம்பியன்! 2001-02-ல் வடக்கே பெராஃபீத்தா என்ற சிற்றூரின் ஃப்ரெய்ஷியெய்ரு அணி சாம்பியன். பெரும்புகழ் பென்ஃபிகா கழகம் இந்த ஆட்டத்துக்குள் வந்ததே 2001-ல்தான். அதுவரை பத்தாண்டுக் காலம், பெரிய மேடையும் பெரிய வெளிச்சமும் இல்லாமல், வாரம் தவறாமல் ஆட்டம் நடந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது இந்தப் பத்தாண்டுதான்.

அந்தப் பத்தாண்டு என்ன தந்தது? 2000-ஆம் ஆண்டு குவாத்தமாலா நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் போர்ச்சுகல் மூன்றாம் இடம் பிடித்தது. அந்த அணியில் ஆடிய ஆந்த்ரே லீமா, பின்னால் பென்ஃபிகாவின் பயிற்சியாளர் ஆனார். 2010-ல் லிஸ்பனில், ஸ்பெயினின் இன்டர்வியூ அணியைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஆடியவன் கற்றான், கற்றவன் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தான். அன்று அவரிடம் ஆடியவர்களில் ஒருவர் ரிக்கார்தீன்யு. போர்ட்டோவை அடுத்த கொந்தொமார் பகுதிப் பிள்ளை. உயரம் போதாது என்று பெரிய மைதானக் கால்பந்து கைவிட்ட பையன். உலகின் சிறந்த ஃபுட்சல் வீரர் என்ற விருதை அவர் ஆறு முறை பெற்றார். 2021-ல் லித்துவேனியாவில் அர்ஜென்டினாவை 2-1 என வென்று போர்ச்சுகல் உலகக் கோப்பையைத் தூக்கியபோது, முப்பத்தாறு வயதில் அவர்தான் கேப்டன்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 2016 ஜூலையில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் பிரீமியர் ஃபுட்சல் என்ற போட்டி தொடங்கியது. போர்ச்சுகலின் லூயிஸ் ஃபிகோ அதற்குத் தலைவர். ஏ.ஆர்.ரஹ்மான் இசை. சென்னை அணிக்குப் பிரேசிலின் ஃபல்காவ், கோவா அணிக்கு ரொனால்டினோ, மும்பைக்கு ரயன் கிக்ஸ், கொச்சிக்கு ஸ்பெயினின் மிஷல் சல்காதோ. ரொனால்டினோ பெங்களூருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டார். சில நாளில் ஊர் திரும்பிவிட்டார். இறுதியில் நம் கொச்சி, மும்பையிடம் பெனால்டியில் தோற்றது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அந்தப் போட்டியை ஏற்கவே இல்லை. 2017-ல் இன்னொரு முறை நடந்தது. அதோடு முடிந்தது.

முயன்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களால்தான் இந்த ஆட்டத்தின் பெயரே பல வீடுகளுக்குத் தெரிந்தது. ஆனால் அஸ்திவாரம் தோண்டாமல் கோபுரத்துக்குக் கலசம் வைத்தோம். வந்த நட்சத்திரங்கள் போன பிறகு, அடுத்த வாரம் ஆட ஒரு உள்ளூர்ப் போட்டி இல்லை.

சம்மேளனம் தானே நடத்திய முதல் கழகச் சாம்பியன்ஷிப் 2021 நவம்பரில்தான் டெல்லியில் நடந்தது. மொகமதன் ஸ்போர்ட்டிங் அணியை டெல்லி எஃப்சி 7-2 என வென்றது. ஆண்கள் தேசிய அணி ஆசியத் தகுதிச்சுற்றுக்குப் போனது 2023-ல். அதாவது, போர்ச்சுகல் 1990-களில் நின்ற இடத்தில் இன்று நாம் நிற்கிறோம். இது வெட்கப்பட வேண்டிய இடமே அல்ல. இங்கிருந்து எப்படி நடப்பது என்பதுதான் கேள்வி.

நம்மிடம் கால்கள் இல்லையா? மாவட்டத்தின் தென்கோடியில் பொழியூர் இருக்கிறது. 2018 சந்தோஷ் டிராபி இறுதியில் வங்காளத்தை அதன் மண்ணிலேயே வென்றோமே, வெற்றியை உறுதி செய்த கடைசிப் பெனால்டியை அடித்த சீசன் அந்தக் கடற்கரைப் பிள்ளை. 1973-ல் கேரளம் முதன்முதலாக அந்தக் கோப்பையை வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராஜ், ஒரு தமிழர். இந்த மண்ணுக்கு இரண்டு மொழியும் சொந்தம், பந்தும் சொந்தம்.

டர்ஃப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மணிக்கணக்கில் வாடகை கொடுக்க முடிந்தவனுக்கு. மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகன் அங்கே வேலிக்கு வெளியே நிற்கிறான். அவனுக்கு வேண்டியது ஒரு தளம், இரண்டு வலை, ஒரு நடுவர், வாராவாரம் தவறாத ஒரு நாள். அவன் தங்கைக்கும் அதே தளத்தில் அதே உரிமை.

வணிகப் பெருமக்களே, உங்களைக் கேட்கிறேன். ஒரு பத்திரிகை தன் பெயரில் அணி வைத்தது போல, ஒரு அரிசி மண்டி, ஒரு பாத்திரக் கடை, ஒரு ஜவுளிக்கடை ஆளுக்கொரு அணியை ஏற்றுக்கொள்ளுங்கள். எட்டு அணி போதும். பள்ளி மைதானம் ஒன்றில் சிமெண்டுத் தளம் போட்டுத் தரும்படி மாநகராட்சியிடம் கேட்கும் மனு இதோ இந்த மேசையில் இருக்கிறது. வெளிநாட்டு நட்சத்திரம் யாரையும் அழைக்க வேண்டாம். பத்தாண்டு நிறுத்தாமல் நடத்துங்கள். கூட்டம் முடிந்து போகும்போது ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.