கொடுத்த ஆணையும் மீட்கும் அதிகாரமும்

(ஆலயத் திருவிழாவில் ஆற்றப்பட்ட உரை)



ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் உடையவருக்கு அதனை மீட்டுக்கொள்ளும் அதிகாரமும் உண்டு என்பது சட்டத்தின் பொதுநெறி. இந்தியாவின் 1897-ஆம் ஆண்டுப் பொது விளக்கச் சட்டம் 21-ஆம் பிரிவில் இதனைக் கூறுகின்றது. மலேசியாவின் 1948, 1967-ஆம் ஆண்டு விளக்கச் சட்டங்களும் இவ்வழியே செல்கின்றன. ஆயினும், இவ்வதிகாரத்திற்கு ஒரு கடிவாளம் உண்டு. எம்முறையில் ஆணை பிறந்ததோ, அம்முறையிலேயே அது நீக்கப்பட வேண்டும்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புற ஆலயங்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நீலாய், செண்டாயான் வட்டாரங்களில் தோட்டங்களாக இருந்த நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டம் மறைந்தபின், ஆலயம் நிற்கும் மண் யாருடையது என்னும் கேள்வி எழுகின்றது. நிலைமை பெரும்பாலும் மூவகைப்படும்.

முதலாவது, தோட்ட நிர்வாகம் வாய்மொழியாக அளித்த இசைவு. பட்டா கம்பெனியின் பெயரில் உள்ளவரை அது இசைவேயன்றி உரிமையாகாது. நிலம் கைமாறினால், புதிய உரிமையாளரை அது பொதுவாகக் கட்டுப்படுத்தாது.

இரண்டாவது, அரசு நிலத்திற்கு நில அலுவலகம் வழங்கும் தற்காலிக உரிமம். அது அந்தந்த ஆண்டின் இறுதியோடு முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் கையில் எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது, கெசட் ஒதுக்கீடு. 1966 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்து, பின்னர் 2020-இல் 828-ஆம் சட்டமாகத் திருத்திப் பதிப்பிக்கப்பட்ட தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, அரசு நிலத்தைப் பொது நோக்கத்திற்கு ஒதுக்க மாநில அதிகாரத் தரப்புக்கு இடமளிக்கின்றது. 64-ஆம் பிரிவோ அவ்வொதுக்கீட்டை முழுமையாகவோ பகுதியாகவோ நீக்கும் அதிகாரத்தைத் தருகின்றது.

ஆகவே, ஒதுக்கீடும் பட்டாவாகாது. ஆயினும் முன்னிரண்டைக் காட்டிலும் அது வலியது. ஏனெனில் ஒரு வாய்ச்சொல்லாலோ சாதாரணக் கடிதத்தாலோ அதனை நீக்க இயலாது. மாநில நில இயக்குநர் முதலில் விசாரணை நடத்த வேண்டும். வரும் ஆட்சேபங்களை மாநில அதிகாரத் தரப்பின் பார்வைக்கு வைக்க வேண்டும். அதன்பின்னரே நீக்கம் கெசட்டில் வெளியாக வேண்டும். அவ்விசாரணையே பக்தர்களின் குரல் சபையேறும் இடம்.

ஆனால் அறிவிப்பைக் கவனியாதவர்க்கு அந்த வாய்ப்புப் பயன்படாது. எனவே, கெசட் எண், தேதி, நிலவரைபடம், உரிம ரசீது ஆகியவற்றை ஒரே கோப்பில் தொகுத்து வைத்தல் நலம். நிர்வாகக் குழு மாறும்போது, கருவறைச் சாவியோடு அக்கோப்பும் கைமாற வேண்டும். அறிவிப்பு வந்தால், ஆட்சேபத்தை உரிய காலத்தில் எழுத்து மூலம் அளித்து, விசாரணை நாளில் பொறுப்பாளர்கள் நேரில் தோன்ற வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்றனர் முன்னோர். ஊர்கூடித் தேர் இழுக்கும் ஒற்றுமை, ஆலய நிலத்தின் ஆவணங்களைக் காப்பதிலும் விளங்குவதாக! இறையருள் அனைவருக்கும் துணைநிற்க!