காத்துக் கிடக்கும் வேலைகள்

சவர்க்காரம் செய்பவர் சரக்கை முன்கூட்டியே அடுக்கி வைக்கலாம். கேட்ட அளவுக்குத் தண்டும் பற்சக்கரமும் கடைந்து கொடுக்கும் பட்டறைக்காரருக்கு அது இயலாது. கட்டளை வந்த பின்னரே பொருளின் உருவம் தெரியும். ஆகவே, அவர் விற்பது பொருளை மட்டுமன்று. "இன்ன நாளில் தருவேன்" என்னும் வாக்கையுமாகும். ஒரு பற்சக்கரம் வராமல் ஓர் ஆலையே நின்றுவிடுவதுண்டு.

அவ்வாக்கு ஏன் பொய்க்கின்றது? கடைவதற்கும் துளையிடுவதற்கும் பெரும்பாலும் சில மணி நேரமே செல்லும். எஞ்சிய நாளெல்லாம் இரும்புத் துண்டு யந்திரத்தருகே தன் முறைக்காகக் காத்துக் கிடக்கின்றது.

இதனை அளக்கும் விதியை அமெரிக்க அறிஞர் ஜோன் லிட்டில் 1961 ஆம் ஆண்டில் நிறுவினார். பட்டறையினுள் 40 வேலைகள் உள்ளன. நாளொன்றுக்கு 4 முடிகின்றன என்று கொள்வோம். ஒரு வேலை வெளிவரச் சராசரி 10 நாளாகும். விரைவாக முடியட்டும் என்று 80 வேலைகளை உள்ளே தள்ளினால், முடிவது அதே நான்காயிருக்க, 20 நாளாகும்.

பரிகாரம் யாது? ஒரு வேலை முடிந்த பின்னரே அடுத்ததை உள்ளே விடுதல் வேண்டும். வெளியே நிற்கும் கட்டளையை முன்பின்னாக மாற்றலாம். வெட்டிய இரும்பை மாற்ற இயலாது. பல கட்டளைகளுக்கும் பொதுவான உருக்குக் கம்பியையும் தகட்டையும் இருப்பில் வைத்தல் வேண்டும். வேலை மிகுந்து நெருக்கும் யந்திரத்தின்முன் மாத்திரம், அது வெறுமனே நில்லாதபடி, சிறிது வேலை காத்திருக்கலாம். ஏனைய யந்திரங்கள் சற்று ஓய்ந்திருப்பின் அது நட்டமன்று. கொடுத்த வாக்கைக் காப்பதற்கு வைத்த இடைவெளியே அது.